காப்புரிமைப் பெண்கள் – 6: பை யாருடையது?

சென்ற இதழில் மேரி கீஸின் கதையைத் தீ விபத்தோடு நிறுத்தியிருந்தோம். வைக்கோலோடு பட்டு நூலைச் சேர்த்துப் பின்னும் முறைக்கு 1809 மே 5 அன்று தன் சொந்தப் பெயரில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் அவர். 1836 டிசம்பர் 15 அதிகாலையில் வாஷிங்டன் காப்புரிமை அலுவலகம் பற்றியெரிந்ததில் ஏறத்தாழ 10,000 காப்புரிமைகளின் ஆவணங்கள் சாம்பலாயின. கீஸின் ஆவணமும் அவற்றில் ஒன்று. மறு ஆண்டு கீஸும் போய்ச் சேர்ந்தார்.

இதை மறுபடி நினைவூட்டக் காரணம் உண்டு. காப்புரிமை உலகில் மூளைக்கு எவ்வளவு மதிப்போ, காகிதத்துக்கும் அவ்வளவு மதிப்பு. என்றைக்கு யோசித்தாய், எதில் வரைந்தாய், யாரிடம் காட்டினாய் என்ற கேள்விகளுக்கு விடை கையில் இருந்தால் எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் ஒரு கை பார்த்துவிடலாம். இந்த இதழின் நாயகி மார்கரெட் நைட் அப்படி ஒரு கை பார்த்தவர். சண்டை, மளிகைக் கடையில் சாமான் போட்டுத் தரும் காகிதப் பையைப் பற்றியது.

அவரிடம் போவதற்கு முன் இடைப்பட்ட காலத்தை ஒரே மூச்சில் கடந்துவிடுவோம். கீஸுக்குப் பிறகு காப்புரிமை கேட்டு வந்த பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கொண்டுவந்தவை வீட்டிலும் கடையிலும் புழங்கும் பொருட்கள்: தொப்பி, அடுப்பு, துணி துவைக்கும் கருவி, தையல் சாமான். 1843 செப்டம்பர் 9 அன்று பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜான்சன், கைப்பிடியைச் சுற்றி ஐஸ்கிரீம் செய்யும் வாளிக்கு 3254 என்ற எண்ணில் காப்புரிமை வாங்கினார். வெளியே மரவாளி, உள்ளே தகரக் குவளை, இரண்டுக்கும் இடையே உப்புப் போட்ட பனிக்கட்டி. அதுவரை பெரிய மனிதர் வீட்டு விருந்தில் மட்டும் கிடைத்த பண்டம் சாதாரண வீட்டுச் சமையலறைக்கு வரத் தொடங்கியது அந்த வாளியால்தான்.

பெண்கள் இவ்வளவு குறைவாக வந்ததற்கு அறிவு காரணமல்ல, சட்டம் காரணம். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்த பொதுச் சட்டத்தின்படி, கல்யாணமான பெண்ணுக்குத் தனியாகச் சொத்து கிடையாது. அவள் சம்பாதித்ததும் கணவனுடையது, அவள் கண்டுபிடித்ததும் கணவனுடையது. இந்தத் தொடரின் முதல் பகுதியில் பார்த்த சிபில்லா மாஸ்டர்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளத்தைச் சுத்தம் செய்யும் முறையைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று ஆவணத்திலேயே எழுதியிருந்தும், 1715-இல் மன்னர் முதலாம் ஜார்ஜ் காப்புரிமையைக் கொடுத்தது அவருடைய கணவர் தாமஸுக்கு. 1839-இல் மிசிசிப்பியும் 1848-இல் நியூயார்க்கும் மனைவிக்குச் சொத்து வைத்துக்கொள்ள ஓரளவு உரிமை கொடுத்தன. மற்ற மாநிலங்கள் ஆடி அசைந்து பின்னால் வந்தன.

மார்கரெட் நைட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

1838 பிப்ரவரி 14 அன்று மெய்ன் மாநிலத்தின் யார்க் என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் கூப்பிட்ட பெயர் மாட்டி. சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்தார். பெயருக்கு ஏற்றாற்போல் அதுவும் பஞ்சாலை நகரம்தான். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. பிள்ளைகள் மில்லுக்குப் போனார்கள்.

தன் சிறுவயதைப் பற்றி நைட் 1872-இல் பெண்கள் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். பொம்மைகள் மேல் தனக்கு ஒருநாளும் ஆசை வந்ததில்லை என்கிறார் அதில். உயிரில்லாத முகத்தைக் கொஞ்சுவதில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. கேட்டதெல்லாம் ஒரு மடக்குக் கத்தி, ஒரு துறப்பணம், கொஞ்சம் மரத்துண்டுகள். அண்ணன் தம்பிகளுக்குப் பட்டம் செய்து கொடுத்தார், பனியில் சறுக்கும் வண்டி செய்து கொடுத்தார். ஊர்ப் பையன்களெல்லாம் பொறாமைப்படும்படி அவை இருந்தன. ஆம்பளைப் பிள்ளை மாதிரி இருக்கிறாளே என்று ஊர் பேசியது. மற்றப் பெண்களைப் போல நாம் இல்லையே என்று சில சமயம் பெருமூச்சு விட்டாலும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்துகொண்டு மறுபடி உளியோடும் கத்தியோடும் உட்கார்ந்துவிட்டாராம். சுயபச்சாதாபத்தின் வாடை துளியும் இல்லாத கடிதம் அது. ஒரே ஒரு குறையை மட்டும் சொல்கிறார்: பையனாக இருந்திருந்தால் முறையாகத் தொழில் பழக விட்டிருப்பார்கள், தனக்கு அது கிடைக்கவில்லை.

பன்னிரண்டு வயது வாக்கில் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் ஒன்று உண்டு. பஞ்சாலையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தறியின் குறுக்கே இங்குமங்கும் பாயும் நாடாவின் இரு முனையிலும் இரும்புப் பூண் இருக்கும். இழை அறுந்தாலோ எங்காவது சிக்கினாலோ அது தடம் விட்டுத் தெறித்து எதிரே நிற்பவர் மேல் பாயும். ஒருநாள் அப்படித் தெறித்த நாடா ஒரு தொழிலாளியைக் காயப்படுத்தியதை மாட்டி நேரில் பார்த்தார். சில வாரங்களுக்குள் நாடா வெளியே பாயாமல் தடுக்கும் ஒரு அமைப்பைச் செய்துகாட்டினார். சுற்றுவட்டார மில்கள் அதை எடுத்துக்கொண்டன. சிறுமிக்கு ஒரு செண்ட் கிடைக்கவில்லை. காப்புரிமை என்ற ஒன்று இருப்பதே அவருக்கு அப்போது தெரியாது. அந்த அமைப்பு எப்படி இருந்தது என்று சொல்ல ஒரு வரைபடமும் மிஞ்சவில்லை. எழுதி வைக்காததன் விலையை அவர் சின்ன வயதிலேயே கொடுத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னால் அவர் கோடு கிழித்த தாளைக்கூடத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்?

அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். புகைப்படத் தொழில், மெத்தை நாற்காலி தைப்பது, உலோகத்தில் எழுத்துப் பொறிப்பது, வீடுகளில் பழுது பார்ப்பது. தொழில் பழக விடவில்லை என்று கடிதத்தில் வருத்தப்பட்டவர் இப்படித் துண்டு துண்டாக நாலைந்து தொழில்களைக் கற்றுவைத்திருந்தார். 1867-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் கொலம்பியா பேப்பர் பேக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். வயது 29.

இங்கே பையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் அதுவரை கடைக்காரர்கள் சாமானைக் காகிதத்தில் கூம்பாகச் சுருட்டிக் கொடுப்பார்கள், அல்லது தாளில் வைத்துக் கட்டிச் சணல் நூலால் சுற்றுவார்கள். மாவும் தானியமும் துணிப் பையில் வரும். 1861-இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. பருத்தி விளைந்த தென் மாநிலங்கள் எதிரணிக்குப் போய்விட, வடக்கே துணிக்குத் தட்டுப்பாடு வந்து மாவுகூடக் காகிதப் பைக்கு மாறியது. பை செய்ய இயந்திரம் இல்லாமலும் இல்லை. பென்சில்வேனியாவின் பெத்லஹேமைச் சேர்ந்த பிரான்சிஸ் வோல் என்ற பள்ளி ஆசிரியர் 1852-லேயே பை இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அது செய்தது கடித உறை மாதிரியான பையைத்தான். நம் ஊரில் பழைய நாளிதழை வாங்கிவந்து, மைதாப் பசை காய்ச்சி, திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் ஒட்டிக் கொடுத்த கடைக் கவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பையை விளக்க வேண்டியதில்லை. அடியில் வெறும் மடிப்பு இருக்கும். நிற்க வைத்தால் நிற்காது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால்தான் சாமான் போட வேண்டும். கனமாக ஏதாவது விழுந்தால் அடி பிரிந்துவிடும்.

அடி தட்டையாக இருந்தால் பை மேசைமேல் தானாக நிற்கும். கடைக்காரரின் இரண்டு கைக்கும் விடுதலை. அப்படிப்பட்ட பையும் அப்போது இருந்தது. ஆனால் ஒவ்வொன்றையும் கையால் மடித்து ஒட்ட வேண்டும். விலை அதிகம், நேரமும் அதிகம். மேசை மேசையாகப் பெண்கள் உட்கார்ந்து அடி மடித்துக்கொண்டிருந்த வேலையைத்தான் நைட் பார்த்தார்.

அந்த மடிப்பு எவ்வளவு சிக்கலானது என்று தெரிய வேண்டுமானால் ஒரு நாளிதழ்த் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருட்டி ஓரத்தை ஒட்டிக் குழாயாக்கித் தரையில் தட்டையாக அழுத்துங்கள். இப்போது ஒரு முனையில் மேல்தாளை மட்டும் பிடித்துப் பின்னால் இழுத்து விரியுங்கள். இரண்டு பக்கமும் உள்ளே வளைந்து, முனை ஒரு சாய்சதுரமாகப் படுக்கும். அதன் ஒரு கூர்முனையை நடுக்கோட்டைத் தாண்டும்படி மடித்துப் பசை தடவுங்கள். எதிர்க் கூர்முனையை அதன்மேல் மடித்து அழுத்துங்கள். பையை எடுத்து விரித்தால் அடி சதுரமாக நிற்கும். மொத்தம் மூன்று மடிப்பு. நம் விரல்களுக்கே முதல் தடவை தடுமாறும். விரல் கிடையாது, கண் கிடையாது, ஓடும் தாள் நிற்கவும் நிற்காது என்ற நிலையில் ஒரு இயந்திரம் இதைச் செய்ய வேண்டும்.

முதல் மடிப்புத்தான் உயிர்நாடி. ஓடிக்கொண்டிருக்கும் குழாயின் இரண்டு தாள்களில் ஒன்றை மட்டும் பிரித்துத் தூக்க வேண்டுமே! நைட் அதற்கு ஒரு தட்டைக் கத்தியைக் கொண்டுவந்தார். வெட்டுவது அதன் வேலையல்ல. குழாயின் வாய்க்குள் நுழைந்து, மேல்தாளைத் தூக்கிப் பின்னால் தள்ளி, சாய்சதுரத்தை விரித்துக் கொடுப்பதுதான் வேலை. அதற்குப் பின்னால் வரும் மடிப்பான்கள் மீதி இரண்டு மடிப்புகளையும் போட்டன. நடுவே பசை தடவும் ஏற்பாடு. காப்புரிமை ஆவணத்தைப் படித்தால், அந்தக் கத்தியைச் சுற்றித்தான் அவருடைய உரிமைக் கோரிக்கைகள் நிற்கின்றன. எது தன்னுடையது, எது தனக்கு முன்பே இருந்தது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. கண்டுபிடிப்பாளர்கள் எல்லாருக்கும் வாய்க்கிற தெளிவல்ல இது.

பகலில் கம்பெனி வேலை, இரவில் விடுதி அறையில் வரைபடம். முதலில் தாளில் வரைந்தார், பிறகு சிறு மாதிரிகள் செய்தார், பிறகு மரத்தில் ஒரு முழு இயந்திரத்தையே கட்டினார். ஆட்டம் கண்ட மர இயந்திரம்தான், ஆனாலும் கைப்பிடியைச் சுற்றினால் பை வந்து விழுந்தது. மர மாதிரி தொழிற்சாலைக்கு உதவாது. இரும்பில் வேண்டும். அதற்காகப் பாஸ்டனுக்குப் போய் ஒரு இயந்திரப் பட்டறையில் வேலையை ஒப்படைத்தார். மெக்கானிக்குகள் பக்கத்திலேயே நின்று திருத்தம் சொல்லிச் செய்யவைத்தார்.

பட்டறைக்கு வந்துபோனவர்களில் சார்லஸ் ஆனன் என்ற ஆசாமி ஒருவர் இருந்தார். இரும்பு இயந்திரம் உருவாகிக்கொண்டிருந்ததை அவர் நின்று நிதானமாகப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

நைட் இயந்திரத்தை முடித்துக் காப்புரிமைக்கு மனுப் போட்டபோது, மனு நிராகரிக்கப்பட்டது. அதே இயந்திரத்துக்கு ஏற்கெனவே ஒருவர் உரிமை வாங்கிவிட்டார் என்று பதில் வந்தது. வாங்கியவர் ஆனன்.

இந்த இடத்தில் பலரும் விட்டுவிடுவார்கள். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பெண், வாஷிங்டன் அலுவலகம், எதிரே ஏற்கெனவே உரிமைச் சீட்டை வாங்கி வைத்திருக்கும் ஒரு ஆண். நைட் வாஷிங்டன் வக்கீல் ஒருவரை அமர்த்தினார். ஒரு நாளைக்கு 100 டாலர், செலவு தனி என்று அதற்குப் பேசியதாகப் பதிவு இருக்கிறது. அன்றைய ஆலைத் தொழிலாளி அந்தத் தொகையைப் பார்க்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். சாட்சியம் எடுக்க மட்டும் 16 நாள் பிடித்தது.

சட்டம் நைட்டுக்குச் சாதகமாக ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. அந்தக் கால அமெரிக்கச் சட்டம், முதலில் மனுப் போட்டவர் யார் என்று பார்க்காது. முதலில் கண்டுபிடித்தவர் யார் என்றுதான் பார்க்கும். இரண்டு பேர் ஒரே பொருளுக்கு உரிமை கோரினால், காப்புரிமை அலுவலகமே விசாரணை நடத்தி, யாருடைய மூளையில் அது முதலில் உதித்தது, உதித்ததை யார் விடாமல் செய்து முடித்தார் என்று தீர்மானிக்கும். இந்த முறையை அமெரிக்கா 2013 மார்ச்சில்தான் கைவிட்டது. இன்று அங்கும் இங்கும் முதலில் மனுப் போட்டவருக்குத்தான் முன்னுரிமை. திருடிப் பெற்றது என்று நிரூபித்தால் உரிமையைப் பறிக்கலாம் என்பது வேறு விஷயம், ஆனால் அந்தச் சுமை முழுவதும் பறிகொடுத்தவர் தலையில்தான் விழும். நைட் 1870-க்குப் பதிலாக இந்தக் காலத்தில் வழக்காடியிருந்தால் பாதை இன்னும் கரடுமுரடாகவே இருந்திருக்கும்.

விசாரணையில் ஆனன் தரப்பு வைத்த வாதங்களில் ஒன்றுதான் இந்த வழக்கைப் பிரபலமாக்கியது. இவ்வளவு சிக்கலான இயந்திரத்தை ஒரு பெண்ணால் புரிந்துகொள்ளவே முடியாது, பிறகு எப்படி அவள் அதைக் கண்டுபிடித்திருப்பாள் என்பது அந்த வாதம். இன்று கேட்டால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது சிரிப்புக்குரியதாக இருந்திருக்காது. ஊரெல்லாம் நம்பிக்கொண்டிருந்ததை எடுத்துவைப்பது எந்த வக்கீலுக்கும் கைவந்த தந்திரம்.

நைட் அதற்குப் பேச்சில் பதில் சொல்லவில்லை. மூட்டையை அவிழ்த்தார். வரைபடங்கள், தேதி போட்ட குறிப்புகள், தாளில் செய்த மாதிரிகள், மர மாதிரியின் பாகங்கள் எல்லாம் வெளியே வந்தன. ஒவ்வொரு கத்தியும் மடிப்பானும் எந்த நிலையில் எப்படி மாறியது என்று அடுக்கிக் காட்டினார். ஸ்பிரிங்ஃபீல்ட் கம்பெனி ஆட்கள் வந்து சாட்சி சொன்னார்கள். பாஸ்டன் பட்டறையில் அவருக்காக இரும்பில் வேலை செய்தவர்கள் வந்து, ஒவ்வொரு மாற்றமும் அந்தப் பெண்மணி சொல்லித்தான் செய்தோம் என்றார்கள். விடுதியில் அவரோடு குடியிருந்த பெண், இவள் எந்நேரமும் பை இயந்திரத்தைத்தான் வரைந்துகொண்டிருப்பாள் என்றார். இந்தக் கடைசிச் சாட்சியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பக்கத்தில் படுத்துத் தூங்க முடியாமல் விளக்கு வெளிச்சத்தைச் சகித்துக்கொண்ட ஒருத்தியின் வாய்மொழி, காப்புரிமைச் சட்டத்துக்குள் ஆதாரமாக ஏறிவிட்டது.

ஆனனிடம் காட்ட அப்படி எதுவும் இல்லை. இயந்திரம் இருந்தது, அது உருவான கதை இல்லை.

ஆணையர் நைட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 1871 ஜூலை 11 அன்று 116,842 என்ற எண்ணில், காகிதப் பை இயந்திரத்தில் செய்த மேம்பாட்டுக்கான காப்புரிமை மார்கரெட் இ. நைட் பெயரில் வெளிவந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். மாசசூசெட்ஸ்காரர் ஒருவரோடு சேர்ந்து கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் ஈஸ்டர்ன் பேப்பர் பேக் கம்பெனியைத் தொடங்கினார். ராயல்டி வந்தது. 1879-இல் அதே இயந்திரத்தை இன்னும் செம்மைப்படுத்தி இன்னொரு காப்புரிமை வாங்கினார். தொழிற்சாலையில் இயந்திரத்தைப் பூட்ட வந்த ஆட்கள், பொம்பளைக்கு இயந்திரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் பேச்சைக் கேட்க மறுத்தார்கள் என்றொரு கதையும் உண்டு. வழக்கில் ஜெயித்த பிறகும் அந்த வாதம் சாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மனுஷி சும்மா இருக்கவில்லை. 1880-களில் வீட்டுச் சாமான் பக்கம் திரும்பினார். வியர்வை படாமல் உடுப்பைக் காக்கும் உறை, மேலங்கிக்கு ஒரு கொக்கி, இறைச்சி வாட்டும் கம்பி. 1890-களில் செருப்பு அடி வெட்டும் இயந்திரங்கள், சன்னல் சட்டம், எண் பொறிக்கும் கருவி. 1900-க்குப் பிறகு மோட்டார் கார்க் காலம் வந்ததும் சுழல் எந்திரங்களில் இறங்கிவிட்டார். மொத்தம் இருபதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள். எழுபது வயதைத் தாண்டியும் அவர் நாளெல்லாம் வேலை செய்வதைப் பார்த்துப் பத்திரிகைகள் பெண் எடிசன் என்று பட்டம் கட்டின. எனக்கு அந்தப் பட்டத்தில் உடன்பாடில்லை. எடிசனுக்குப் பட்டறை நிறைய உதவியாளர்களும் பின்னால் முதலாளிகளும் இருந்தார்கள். நைட்டுக்கு இருந்தது தன் கையும் ஒரு வரைபலகையும்தான். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது எடிசனுக்கும் நியாயமில்லை, நைட்டுக்கும் நியாயமில்லை.

இன்னொரு தவறையும் இங்கேயே திருத்திவிடலாம். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் பெண் மார்கரெட் நைட் என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். கீஸ் அவருக்கு 62 ஆண்டுகள் முன்பே வாங்கிவிட்டார். இடையில் ஐஸ்கிரீம் வாளி நான்சி ஜான்சனும் வேறு பலரும் இருக்கிறார்கள். நைட்டின் பெருமைக்கு அந்த முதலிடம் தேவையும் இல்லை. தன் கண்டுபிடிப்பு பறிபோனபோது சட்டத்தின் வழியாகவே அதைத் திரும்ப வாங்கினாரே, அது போதும்.

எல்லாருக்கும் அது முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வாஷிங்டனிலேயே எலன் எக்லின் என்றொரு கறுப்பினப் பெண் இருந்தார். வீட்டு வேலை செய்து பிழைத்தவர். துவைத்த துணியை இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்துப் பிழியும் கருவி ஒன்றை உருவாக்கினார். 1888-இல் அதன் உரிமையை ஒரு முகவருக்கு 18 டாலருக்கு விற்றுவிட்டார். காரணம் கேட்டபோது ஒளிக்காமல் சொன்னார்: இதைச் செய்தவள் கறுப்பினப் பெண் என்று தெரிந்தால் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் வாங்கமாட்டார்கள். அந்தக் கருவி நன்றாக விற்றது. அவர் பெயர் எந்தக் காப்புரிமையிலும் இல்லை. பெண் கண்டுபிடிப்பாளர்களுக்காகவே சார்லட் ஸ்மித் நடத்திய ஒரு சிறு பத்திரிகையில் அவருடைய பேட்டி வந்திருக்காவிட்டால், எலன் எக்லின் என்ற பெயரே நமக்குக் கிடைத்திருக்காது.

நைட்டுக்கும் எக்லினுக்கும் திறமையில் வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நைட்டிடம் வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் புரட்ட வழி இருந்தது, சாட்சி சொல்ல ஆள் இருந்தது, வெள்ளைத் தோல் இருந்தது. கல்யாணம் ஆகாததால் உரிமைக்குக் குறுக்கே நிற்கக் கணவனும் இல்லை. இந்த நான்கில் ஒன்று குறைந்திருந்தாலும் இன்று 116,842 என்ற எண்ணுக்கு நேரே வேறொரு பெயர் இருந்திருக்கும்.

சார்லட் ஸ்மித் போன்றவர்கள் விடாமல் நெருக்கியதன் பலனாக, 1790 முதல் 1888 ஜூலை வரை காப்புரிமை பெற்ற பெண்களின் பட்டியலை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் புத்தகமாக வெளியிட்டது. பல ஆயிரம் பக்கப் பதிவேடுகளிலிருந்து பெயரைப் பார்த்துப் பெண் என்று அடையாளம் கண்டு எடுத்த பட்டியல் அது. முதலெழுத்தை மட்டும் போட்டுக் கையெழுத்திட்டவர்கள் எல்லாம் தப்பிப் போயிருப்பார்கள். அப்படியும் இரண்டாயிரத்துக்கும் மேல் பதிவுகள் தேறின. அந்த நூற்றாண்டில் வழங்கிய மொத்தக் காப்புரிமைகளில் அது ஒரு விழுக்காடுகூட இல்லை. ஆனால் ஒரு பக்கத்தைப் புரட்டினால், ஒரு வீட்டின் புழங்குபொருட்கள் முழுவதும் வரிசையாக வந்துவிடும்: இஸ்திரிப் பெட்டி, தொட்டில், ஊசிப் பெட்டி, அடுப்புக் கதவு, சட்டைக் கழுத்துப்பட்டை, வெண்ணெய் கடையும் மத்து. இந்தத் தொடரின் மீதிப் பகுதிகளுக்கு அந்தப் பட்டியல்தான் வழிகாட்டி.

மார்கரெட் நைட் 1914 அக்டோபர் 12 அன்று, 76-ஆவது வயதில் இறந்தார். காகிதப் பை அதற்குள் அமெரிக்கக் கடை ஒவ்வொன்றிலும் நின்றுகொண்டிருந்தது. அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு 275 டாலர் 5 செண்ட். 1879-இல் காப்புரிமைக்காக அவர் சமர்ப்பித்த இயந்திர மாதிரி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2006-இல் தேசியக் கண்டுபிடிப்பாளர் பெருமக்கள் மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

அடுத்த இதழில் இலினாய் மாநிலத்து ஷெல்பிவில்லுக்குப் போகிறோம். கணவர் கடனை மட்டும் விட்டுவிட்டுப் போக, கொல்லைப்புறக் கொட்டகையில் ஒரு மெக்கானிக்கை வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் இயந்திரம் செய்த ஜோசஃபின் காக்ரன், 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை வாங்கியதும் அதை விற்க ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்கிய கதை அது.

(தொடரும்)